திருநங்கை, திருநம்பி இளையோரைப் படமெடுத்தல்: தாடி நிழல், முகம் மறைத்தல், ஒப்புதல்

தெப்பக்குளத்தான்:
மதுரையில் திருநங்கை, திருநம்பி இளையோரின் அன்றாடத்தைப் படத்தொடராக எடுத்து ஒரு கல்லூரியில் வைக்கப்போகிறோம். எல்லோரும் 19 முதல் 24 வயது. கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமரா. 35, 50 எம்எம் லென்ஸ். சோதனைப் படங்களில் தாடை பெரிதாகத் தெரிகிறது, மேக்கப்பையும் மீறித் தாடி நிழல் எழுகிறது. இரண்டு பேர் முகம் காட்ட விரும்பவில்லை. நிழலுருவமாக எடுத்தால் ஒரே சோகமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

வெளிச்சக்காரர்:
35-ஐ வைத்து முகத்துக்குப் பக்கத்தில் போனால் தாடையும் மூக்கும் ஊதத்தான் செய்யும். 50-ஐ மாட்டி ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்க. கேமரா அவங்க கண் உயரத்தில் இருக்கணும். கீழிருந்து எடுத்தால் தாடையும் தொண்டைக்குழியும்தான் முன்னுக்கு வரும்.

தாடி நிழலுக்குக் காரணம் பக்கவாட்டு வெளிச்சம். ஜன்னலைப் பார்த்து உட்காரச் சொல்லுங்க, நிழல் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டை போதும். கேமராவை எஃப்/4, 1/125, ஐஎஸ்ஓ 800-இல் வைத்து ஆரம்பிக்கலாம். டியூப் லைட்டை அணைச்சிடுங்க, இல்லாட்டி தோல் பச்சையடிக்கும். நம்ம ஊர் நீலச் சுவரும் தன் நிறத்தைத் தோலில் ஏத்தும், இரண்டடி தள்ளியே உட்கார வைங்க. நேர் ஃப்ளாஷ் வேண்டாம். அதில் சன்ஸ்கிரீன் கலந்த ஃபவுண்டேஷன் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுக்கும்.

ஆனா அந்த நிழலை மறைக்கணுமா வேணாமான்னு முதலில் அவங்களையே கேளுங்க. சிலருக்கு அது பிரச்சினையே இல்லை.

மல்லிச்சரம்:
முகம் வேண்டாம் என்றவர்களைக் கைகள் வழியாக எடுங்கள்: பூக்கட்டும் கை, தையல் மிஷினில் துணி தள்ளும் கை. முகத்தைக் கட்டம் கட்டி மங்கலாக்காதீர்கள், அது குற்றவாளிக்குச் செய்வது. பக்கவாட்டு நிழலுருவமும் பாதுகாப்பில்லை. தெரிந்தவர்கள் மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பச்சை குத்தியது, கம்மல், வண்டி நம்பர், வீட்டுக் கதவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவிலும் போனிலும் ஜிபிஎஸ் பதிவை அணையுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் இடக்குறிப்பும் கூடவே போகும்.

ஒப்புதல் தமிழில், எழுத்தில் வேண்டும். கல்லூரிச் சுவர், செய்தித்தாள், இணையம் மூன்றுக்கும் தனித்தனிக் கையெழுத்து. சுவரிலிருந்து படத்தை எடுத்துவிடலாம், இணையத்துக்குப் போனதைத் திரும்பப் பிடிக்க முடியாது என்று வாயாலும் சொல்லுங்கள். பின்னால் 18 வயதுக்குக் குறைந்தவர் யாரும் சேர்ந்தால் பெற்றோர் ஒப்புதல் தேவை. வீட்டுக்குத் தெரியாத பிள்ளை என்றால் அதைக் கேட்பதே காட்டிக்கொடுப்பதாகிவிடும். அவர்களை அடையாளம் தெரியும்படி எடுக்கவே வேண்டாம்.

ஆனைமலை:
கண்ணாடி முன் மேக்கப், கைதட்டல் இரண்டையும் விட்டுடுங்க. சித்திரை பௌர்ணமிக்குக் கூவாகம் திருநங்கையர் திருவிழாவில் கேமரா கூட்டம் அதைத்தான் வருஷா வருஷம் எடுக்குது.

கஷ்டத்தைக் காட்டணும்னா காகிதத்தை எடுங்க. பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிச்சு; கலெக்டர் அடையாளச் சான்றிதழ் தரும் வழி 2019 சட்டத்தில் வந்துச்சு. ஆனாலும் பிளஸ் டூ மார்க் ஷீட்டில் ஒரு பேரு, ஆதாரில் இன்னொரு பேருன்னு இருந்தா வேலைக்குப் போற இடத்தில் எல்லாம் கேள்விதான். ரெண்டையும் மேஜையில் வெச்சு, பழைய பேரையும் எண்களையும் விரலால் மறைச்சு எடுங்க. படக்குறிப்பிலும் பழைய பேரு வரக்கூடாது.

திருநம்பிகள் நெஞ்சைத் தட்டையாக்க இறுக்கமான உள்ளாடை (பைண்டர்) போட்டிருந்தா இந்த வெயிலில் மூச்சு முட்டும். காலை எட்டு மணிக்குள்ள வெளியே எடுக்கிறதை முடிச்சிடுங்க, நடுவில் கழட்டி ஓய்வெடுக்கத் தனி அறை வேணும். மாடி ஏறு, ஓடுன்னு போஸ் கேக்காதீங்க.

தெப்பக்குளத்தான்:
நன்றி. ஒப்புதல் படிவத்தை மூன்றாகப் பிரித்து எழுதிவிட்டு இங்கேயே போடுகிறேன், திருத்தித் தாருங்கள்.