கீப்பிங் செய்தவன் பேஸ்பாலில் கேட்சர் ஆக முடியுமா?

கன்னங்குறிச்சிக்காரன்:
சேலத்தில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன், பள்ளிக்கூடத்திலிருந்தே விக்கெட் கீப்பர். போன மாதம் பி.டி. சார் கூப்பிட்டு, பேஸ்பால் டீமுக்கு ஆள் குறைகிறது, நீதான் கீப்பர் ஆச்சே, பேட்டர் நிற்கிற பிளேட்டுக்குப் பின்னால் கேட்சராக உட்கார் என்று சொல்லிவிட்டார். இரண்டாம் நாளே வலது கட்டைவிரல் வீங்கிவிட்டது. பிடிப்பது கஷ்டமில்லை. ஆனால் முதல் பேஸில் நிற்கிற எவனாவது பந்து வீசும்போதே செகண்ட் பேஸுக்கு ஓடினால், என் பந்து போய்ச் சேருவதற்குள் அவன் டீயே குடித்து முடித்துவிடுவான். 19 வயதில் ஆரம்பித்து யூனிவர்சிட்டி டீம் வரை போக முடியுமா? நெட்டில் சேலம் பேஸ்பால் என்று தேடினால் எல்லாம் அமெரிக்கா சேலமாகவே வருகிறது.

அஞ்சுரோடு அன்பு:
நானும் அதே விரலில் வாங்கியவன்தான் தம்பி. கீப்பிங்கில் இரண்டு கையிலும் கிளவுஸ், இரண்டும் சேர்ந்தே பந்துக்குப் போகும். இங்கே இடது கையில் மட்டும் மிட் என்கிற தடித்த கிளவுஸ், பழக்கதோஷத்தில் வெறுங்கையும் கூடவே போய் அடி வாங்குகிறது. பேஸில் எதிரணி ஆள் இல்லையென்றால் வலது கையைக் கணுக்காலுக்குப் பின்னால் ஒளித்துவை. ஆள் இருந்தால் கட்டைவிரலை உள்ளே மடக்கி, மிட்டுக்குப் பின்னால் வை.

அப்புறம் த்ரோ. கிரிக்கெட் பிட்ச் 66 அடி, ஹோம் பிளேட்டிலிருந்து செகண்ட் பேஸ் 127 அடி. பந்து மிட்டில் பட்டதிலிருந்து அங்கே போய்ச் சேர 2 விநாடி என்றால் நல்ல கேட்சர். அதற்குக் கைபலம் மட்டும் போதாது, கால் முக்கியம். நீ பிடித்து, எழுந்து, அதற்கப்புறம் காலை மாற்றுகிறாய் என்று நினைக்கிறேன். பந்து மிட்டுக்குள் வரும்போதே வலது கால் முன்னால் வந்து திரும்பியிருக்க வேண்டும். சுவருக்கு முன்னால் பந்தே இல்லாமல் தினமும் ஐம்பது தடவை செய்.

மலைப்பாதை:
வயதைப் பற்றிக் கவலைப்படாதே. அமெரிக்காவின் பிரபல கேட்சர் பஸ்டர் போசி ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் ஷார்ட்ஸ்டாப் (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில் நிற்பவர்), இரண்டாம் வருடம் 2007-ல்தான் கேட்சராக மாற்றினார்கள். அடுத்த வருடமே .463 பேட்டிங் சராசரி, 26 ஹோம் ரன், நாட்டின் சிறந்த வீரருக்கான கோல்டன் ஸ்பைக்ஸ் விருது. அதே 2008-ல் ஒரே ஆட்டத்தில் ஒன்பது பொசிஷனிலும் ஆடினார், அது கொஞ்சம் வேடிக்கைக்குத்தான் என்று வை. தொழில்முறை அணிகள் வரிசையாக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஐந்தாவதாக சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் எடுத்தது. கேள், அந்த வருடமே அவர் கொஞ்ச நாள் ஆடிய கீழ்நிலை அணி சேலம்-கைசர் வால்கனோஸ், நீ சலித்துக்கொண்ட அமெரிக்கா சேலங்களில் ஒன்றான ஓரிகன் சேலம் பக்கத்து அணி!

2011-ல் ஹோம் பிளேட்டில் ஒரு ரன்னர் மோதிக் கால் உடைந்து அந்த சீசனே போனது. திரும்பி வந்து 2012-ல் லீக்கின் எம்விபி, அதாவது சிறந்த வீரர் விருது. இப்படி மோதுவதைக் கட்டுப்படுத்தி 2014-ல் விதியே வந்தது. உங்கள் பசங்களிடமும் சொல்லிவை, பந்து கையில் இல்லாமல் வழியை மறிக்கக் கூடாது.

அஞ்சுரோடு அன்பு:
போசி கதை சரிங்க, ஆனால் அவர் சின்ன வயதிலிருந்தே பேஸ்பால் ஆடியவர், பொசிஷன்தான் புதுசு. இவனுக்கு ஆட்டமே புதுசு. இங்கே கடையில் கேட்சர் மிட் கேட்டால் கீப்பிங் கிளவுஸை எடுத்துக் காட்டுகிறார்கள். தம்பி, ஒரு சீசன் ஆடிப் பார், அதுவரை கிரிக்கெட்டை விட்டுவிடாதே.

கன்னங்குறிச்சிக்காரன்:
நன்றி அண்ணா. பத்து நாள் சுவருக்கு முன்னால் குதித்ததில் ஹாஸ்டலில் கேலி தாங்கவில்லை. இன்று ஃப்ரெண்ட் மொபைலில் நேரம் பார்த்தான், 2.6 விநாடி. டீ குடிக்க நேரமில்லை, ஆனாலும் ரன்னர் சேஃப்தான், அவுட் இல்லை.