டெக்னிக்கல் பிட்டிலேயே கழற்றிவிட்டார்கள்: கோர்ட்டுக்குப் போனவர்கள் சொல்வது

மின்பணி ஒப்பந்ததாரர்:
அரசுத் துறை ஒன்றின் டெண்டர். முதலில் தகுதியைப் பார்க்கும் டெக்னிக்கல் பிட், அதில் தேறியவர்களின் விலையைத்தான் பிறகு பிரைஸ் பிட்டில் திறந்து பார்ப்பார்கள். போர்ட்டலில் 'தகுதி இல்லை' என்று ஒற்றை வரி, அவ்வளவுதான். எழுதிக் கேட்ட பிறகே காரணம் வந்தது. அனுபவச் சான்றிதழில் செயற்பொறியாளர் கையெழுத்து இல்லையாம், உதவி செயற்பொறியாளர்தான் போட்டிருக்கிறாராம். சரி, விதி விதிதான். ஆனால் அதே மாதிரிச் சான்றிதழ் வைத்த இன்னொருவரிடம் விளக்கம் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டிருந்தார்கள். அந்த முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம். எங்கள் விலையைப் பற்றி வக்கீல் மனுவில் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் பிடித்துக்கொண்டது அந்த இன்னொருவரின் சான்றிதழை மட்டும். நீதிபதி முதலில் கேட்டது, "ஒர்க் ஆர்டர் கொடுத்தாச்சா?" நல்ல வேளை, கொடுக்கவில்லை. எங்களையும் சேர்த்து மறுபடி பரிசீலிக்கச் சொன்னார்கள். பிரைஸ் பிட்டைத் திறந்தால் எல்1, அதாவது குறைந்த விலை சொன்னவர், வேறொருவர்! வழக்கில் ஜெயித்தோம், வேலை அவருக்குப் போனது.

டெண்டர் கமிட்டியில் இருந்து ஓய்வு பெற்றவர்:
மேசைக்கு இந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். ஒருவருக்குத் தளர்த்தினால் அடுத்தவர் கோர்ட்டுக்குப் போவார். தளர்த்தாவிட்டால் இவர் போவார். கோப்பில் காரணம் எழுதி வைத்த முடிவுகள்தான் கோர்ட்டில் நின்றன.

வழக்கறிஞர்:
மின்பணி நண்பரின் வக்கீல் செய்தது சரி. உச்ச நீதிமன்றத்தின் 1994 டாட்டா செல்லுலார் தீர்ப்பிலிருந்தே நீதிமன்றம் பார்ப்பது முடிவை அல்ல, முடிவெடுத்த விதத்தை. பாரபட்சம் காட்டியிருந்தால் மனுவுக்கு உயிர் வரும். 2024இல் பன்ஷிதர் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் அதுதான் நடந்தது. பவர் ஆஃப் அட்டர்னியைக் காரணம் காட்டி ஒருவரை நிராகரித்த பாரத் கோக்கிங் கோல் என்ற பொதுத்துறை நிலக்கரி நிறுவனம், தேர்வான நிறுவனம் கட்டாய ஆவணங்களைத் தராததைக் கண்டுகொள்ளவில்லை. உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது.

சின்னக் குறைக்காக நிராகரிக்கப்பட்டவர்கள் எல்லோரும் என்னிடம் நீட்டுவது 1991 போத்தார் ஸ்டீல் தீர்ப்பு. டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகைக்கு ஸ்டேட் வங்கி டிராஃப்ட் கேட்ட இடத்தில் ஒருவர் யூனியன் வங்கிக் காசோலை கொடுத்தார், அது செல்லும் என்றார்கள். ஆனால் அங்கே குறையைப் பொறுத்துக்கொண்டது டெண்டர் விட்ட தரப்பே. எதிர்த்து வழக்குப் போட்டவர் போட்டியாளர். துறைக்குத் தளர்த்தும் உரிமை உண்டு என்பதால், தளர்த்தியே ஆக வேண்டும் என்று ஆகிவிடாது. 2016 ஆஃப்கான்ஸ் தீர்ப்போ, டெண்டர் ஆவணத்துக்குப் பொருள் சொல்ல அதை எழுதியவரே தகுந்தவர் என்கிறது.

தாமதம் பொல்லாதது. உள்கட்டமைப்பு வேலை என்றால் ஸ்டே கிடைப்பது அரிது. 2022 என்.ஜி. புராஜெக்ட்ஸ் தீர்ப்பு வேலையை நிறுத்தாதே, நஷ்டஈடு கேட்கச் சொல் என்கிற அளவுக்குப் போனது. தமிழ்நாடு அரசு டெண்டர்களில், 1998 ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அதை விட்டுவிட்டு ரிட்டுக்கு ஓடினால் முதல் கேள்வியே அதுதான் வரும்.

சாலைப்பணி ஒப்பந்ததாரர்:
எங்கள் வழக்கு வேறு மாதிரி. ஒரே ஆளுக்காகத் தைத்த சட்டை மாதிரி இருந்தது டர்ன்ஓவர், அதாவது ஆண்டு வியாபார அளவு, பற்றிய நிபந்தனை. டெண்டர் போடுவதற்கு முன் சந்தேகம் கேட்க நடத்தும் ப்ரீ-பிட் கூட்டத்திலேயே எழுத்தில் ஆட்சேபித்து, பிட் போடும் முன்பே ரிட் போட்டோம். கலந்துகொண்டு தோற்ற பிறகு நிபந்தனையைக் குறை சொன்னால் கோர்ட் காது கொடுக்காது என்றார் வக்கீல். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே துறை திருத்தம் வெளியிட்டு அதைத் தளர்த்திவிட்டது, மனுவை வாபஸ் வாங்கினோம்.