குதிரையை வெளி லாயத்தில் விட்டவர்கள் பட்ட பாடு: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

கோட்டையூர்க்காரன்:

மாதப் பணம் கட்டி வெளி லாயத்தில் குதிரை விட்டிருப்பவர்கள் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். லாயத்தின் பெயர், ஆள் பெயர் எதுவும் வேண்டாம். முதலில் என் கதை.

என்னுடையது ஒரு செவலைப் பெண் குதிரை, மார்வாரி கலப்பு. காது நுனிகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்கிற மாதிரி நிற்கும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் பிடித்தேன். எங்கள் வீடு பங்காளிகளோடு பொதுவான பழைய வீடு. பின்தெருப் பக்கம் வண்டிக் கொட்டகை சும்மாதான் கிடக்கிறது. ஆனால் அதில் பங்குள்ளவர்களில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். எல்லோரும் சரி என்று சொல்லாமல் அங்கே ஒரு முளைக்குச்சிகூட அடிக்க முடியாது. அதனால் ஊருக்கு வெளியே தோப்புக்குள் இருந்த ஒரு லாயத்தில் விட்டேன்.

தீனியில்தான் முதல் தகராறு. 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 6 கிலோ, நன்றாக இருக்க வேண்டுமென்றால் 8 கிலோ காய்ந்த தீவனம் வேண்டும். காய்ந்த புல், சோளத்தட்டை, கொஞ்சம் குதிரை மசால் என்கிற தீவனப் பயிர், ஊறவைத்த கொள்ளு ஒரு அளவு என்று பேசித்தான் பணம் கட்டினேன். போய்ப் பார்த்தால் தொட்டியில் வெறும் நெல் வைக்கோலும் தவிடும். மாட்டுக்கு வைக்கோல் சரி, அதற்கு அசைபோடும் வயிறு இருக்கிறது. குதிரைக்கு வைக்கோலில் சத்தும் போதாது, தண்ணீரும் குறைந்தால் குடலில் போய் அடைத்துக்கொள்ளும். தவிடு மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் பாஸ்பரஸ் ஏறி, எலும்பிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து கரையும். கேட்டால், "அண்ணே, மசால் கிடைக்கலண்ணே, அடுத்த வாரம் வந்துரும்" என்பார்கள். அடுத்த வாரமும் அதே பதில்தான். கிடைக்காதது அவர்கள் குற்றமில்லை, நம்ம பக்கம் வானம் பார்த்த பூமி. கிடைக்கவில்லை என்று அன்றைக்கே போன் போட்டிருந்தால் புதுக்கோட்டைப் பக்கம் போய் நானே ஏற்றிக்கொண்டு வந்திருப்பேன்.

அப்புறம் ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள் போனேன். குதிரை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. பிடரி மயிரைக் கோதினால் விரலெல்லாம் ஜிகினாத் தூள். நெற்றியில் துடைத்தும் போகாத சந்தனம். வயிற்று வார் படுகிற இடத்தில், முன்னங்கால் மடிப்புக்குப் பின்னால், ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தோல் உரிந்து ஈ மொய்த்துக் கிடந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. வேட்டுச் சத்தம், கொட்டுமேளம், ஜெனரேட்டர் விளக்கு, இது எதற்கும் அவளைப் பழக்கவே இல்லை. கூட்டத்தில் மிரண்டு ஒரு குழந்தையை மிதித்திருந்தால் யார் பொறுப்பு? "ஒரு மணி நேரம்தாண்ணே" என்றார்கள். ஒரு மணி நேரத்தில் அந்த மாதிரி புண் வராது.

அன்றைக்கே மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கே மாற்றுவது? ஐம்பது லாயமா இருக்கிறது நம்ம பக்கம்?

மூன்றாவதாக நடந்ததுதான் என்னால் இன்னும் பொறுக்க முடியாதது. சித்திரை வெயில். சாயங்காலம் போகிறேன், குதிரை அமைதியாகத்தான் நிற்கிறது. ஆனால் முதுகிலும் இரண்டு விலாவிலும் மண். வேர்வை காய்ந்து கழுத்தில் உப்புக் கோடு. கொட்டடியில் சாணி ஒன்றுகூட இல்லை. கூட்டிவிட்டோம் என்றார்கள். வெளியே குப்பை மேட்டில் போய்ப் பார்த்தேன், அங்கேயும் புதுச் சாணி இல்லை. "ஒண்ணுமில்லண்ணே, நல்லாத்தான் இருக்கு, சும்மா புரண்டுச்சு" என்றான் பராமரிக்கிற பையன்.

புரண்டிருக்கிறாள், சாணியும் இல்லை என்றால் வயிற்றுவலியாக இருக்கலாம் என்று கால்நடை மருத்துவரை அழைத்தேன். அவர் வந்து விலாவில் காது வைத்துக் கேட்டார். குதிரை வயிற்றில் எப்போதும் கடமுட என்று ஓட்டம் இருக்க வேண்டும், ஒரு பக்கம் சத்தமே இல்லை. நாடி 56. ஓய்வாக நிற்கிற குதிரைக்கு 44-க்கு மேல் போகக் கூடாது. ஆனால் வலியின் அறிகுறி எதுவும் இல்லை, காலால் தரையைக் கீறவில்லை, விலாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கே கணக்கு ஒத்துவரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் பையன் வாயைத் திறந்தான். காலையிலிருந்தே புரண்டிருக்கிறது, மதியம் லாயக்காரர் ஃப்ளூனிக்சின் ஊசி போட்டிருக்கிறார். அந்த ஊசி வலியை அமுக்கும், அடைப்பை எடுக்காது. உள்ளே குடல் முறுக்கியிருந்தாலும் வெளியே குதிரை சாதுவாக நிற்கும். மருத்துவர் ஊசி விஷயம் தெரியாமல் "பரவாயில்லை" என்று போயிருந்தால் அவ்வளவுதான்.

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றுக்குள் சேருவது மேலே வர வழியே இல்லை. அதனால்தான் மணிக்கணக்கு முக்கியம். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, லிக்விட் பாரஃபினும் உப்புக் கரைசலும் இறக்கி, இரவெல்லாம் கொஞ்சம் நடத்தி, கொஞ்சம் நிறுத்தி, விடியும்போது சாணி போட்டாள். முந்தின நாள் மோட்டார் பழுது, தொட்டியில் தண்ணீர் இல்லை, ஒரு வாளிதான் காட்டியிருக்கிறார்கள் என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. இந்த வெயிலுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் குடிக்கிற பிராணி. மேலே வைக்கோல் வேறு.

மோட்டார் எல்லோர் இடத்திலும்தான் ரிப்பேர் ஆகும், அதற்கு நான் சண்டை போடவில்லை. எனக்கு ஏன் சொல்லவில்லை? என் குதிரையைப் பற்றி எல்லோரையும்விடக் கடைசியாகத் தெரிந்துகொள்கிற ஆளாக நான்தான் இருக்கிறேன்.

தேவகோட்டை அம்மா:

தம்பி, படிக்கும்போதே கை நடுங்கியது. எங்களுடையது மகளின் மட்டக்குதிரை. அவள் பள்ளிக்கூடம் விட்டதும் போய்த் தேய்த்துவிட்டு, கொஞ்சம் ஓட்டிவிட்டு வருவாள்.

எங்களுக்கு வந்த தொல்லை வேறு. நாங்கள் விட்டிருந்த இடம் கோயிலுக்குப் போகிற பாதையில். அய்யனாருக்குப் புரவி எடுக்கிற ஊர்க்காரர்கள் நாம், குதிரையைக் கண்டால் கை தானாகக் கும்பிடும். வருகிறவர்கள் எல்லாம் பயபக்தியோடு வாழைப்பழம், வெல்லம், சர்க்கரைப் பொங்கல் என்று வாயில் ஊட்டிவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் லாயக்காரர் அதைத் தடுக்கவே இல்லை, வருகிறவர்கள் நின்று படம் எடுக்கக் காசு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு திருவிழா முடிந்த மறுநாள் குட்டிக்கு முன்னங்கால் இரண்டும் ஊன்ற முடியவில்லை. பாரத்தை எல்லாம் பின்னங்காலில் வாங்கிக்கொண்டு, முன்னங்கால்களை நீட்டி வைத்து நின்றது. குளம்பில் கை வைத்தால் சுட்டது. மாவும் சர்க்கரையும் அளவு மீறினால் குளம்புக்கு உள்ளே வீக்கம் கண்டு, உள்ளே இருக்கிற எலும்பே இடம் நகர்ந்துவிடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும். மட்டக்குதிரைகளுக்கு இது இன்னும் சுலபமாக வருமாம். ஐஸ் தண்ணீரில் காலை வைத்து, மணல் மெத்தையில் நிறுத்தி, மாதக்கணக்கில் பாடுபட்டோம். பிழைத்துக்கொண்டது. மகள் இப்போது அதன் மேல் ஏறுவதில்லை, கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டுதான் போகிறாள்.

"கொடுக்காதீர்கள்" என்று போர்டு எழுதி மாட்டினோம். கழற்றிவிட்டார்கள். மறுபடியும் மாட்டினோம்.

பந்தயக் குதிரை, திருப்பத்தூர்:

நான் வண்டிப் பந்தயத்துக்குக் குதிரை வைத்திருக்கிறேன். லாயத்தைப் பற்றி எனக்கு ஒரே குறைதான், ஈரம். ஐப்பசி கார்த்திகை மழையில் கொட்டடி முழுக்க மூத்திரமும் சேறும். அதில் இரண்டு வாரம் நின்றால் குளம்புக்கு அடியில் நடுவே இருக்கிற முக்கோணச் சதை கறுத்து, அழுகின வாடை வரும். கொக்கியால் கிளறினால் கறுப்பாகச் சீழ் மாதிரி வரும். தினமும் குளம்பைத் தூக்கிப் பார்க்கிற லாயம் என்றால் இது வரவே வராது. லாடக்காரர் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும், நம்ம பக்கம் மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர் கிடைப்பார், குதிரைக்குத் தெரிந்தவர் கிடைப்பது கஷ்டம். வெளியூரிலிருந்து அவர் வந்த அன்றைக்கு என் குதிரையை மட்டும் விட்டுவிட்டார்கள். "நீங்க சொல்லலையே" என்றார்கள். மாதப் பணம் வாங்கும்போது மட்டும் நான் சொல்லாமலே ஞாபகம் இருக்கிறது.

லாயம் நடத்துகிறவன்:

மூன்று பேர் எழுதியதையும் முழுக்கப் படித்தேன். நானும் இந்தப் பக்கம்தான் லாயம் வைத்திருக்கிறேன். எங்கள் தரப்பையும் சொல்ல வேண்டும்.

குதிரை தெரிந்த ஆள் கிடைப்பதே இல்லை. பழக்கி எடுத்தால் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவான். தீவன விலை ஏறினாலும் மாதப் பணத்தை ஏற்றினால் சண்டை. குதிரையை விட்டுவிட்டு நான்கு மாதம் எட்டிப் பார்க்காத உரிமையாளர்கள் இருக்கிறார்கள், போனையும் எடுக்க மாட்டார்கள், அந்தக் குதிரைக்கு என் கைக்காசில்தான் தீனி போகிறது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு வந்து உச்சி வெயிலில் நுரை தள்ள ஓட்டிவிட்டு, அப்படியே கட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அன்று ராத்திரி வயிற்றுவலி வந்தால் பழி எனக்கு.

ஆனால் கோட்டையூர் அண்ணன் எழுதியதில் ஊசி போட்டுவிட்டு மறைத்தது மன்னிக்க முடியாத தப்பு. குதிரையைச் சொல்லாமல் கல்யாணத்துக்கு அனுப்பியதும் அதே வகைதான். நான் அப்படிச் செய்கிறவர்களுக்காக வாதாட வரவில்லை.

என் இடத்தில் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு கொட்டடிக் கதவிலும் ஒரு சிலேட்டுப் பலகை. எத்தனை வாளி தண்ணீர் குடித்தது, என்ன தீனி, எத்தனை முறை சாணி போட்டது, என்ன மருந்து, எத்தனை மணிக்கு. நல்ல குதிரை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை சாணி போடும். சாயங்காலம் பலகையில் நாலுதான் இருக்கிறது என்றால் எனக்கு யாரும் சொல்ல வேண்டாம், கண்ணாலேயே தெரிந்துவிடும். எழுதத் தெரியாத பையன் கோடு போடுவான். ராத்திரி அதைப் படம் பிடித்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுவேன். இதற்குச் செலவு ஒரு டப்பா சாக்பீஸ். ஆரம்பத்தில் பையன்கள் முணுமுணுத்தார்கள், இப்போது பலகை எழுதாமல் சாப்பிடப் போவதில்லை.

புதுக் குதிரை வந்தால் மூன்று வாரம் தனியாகத்தான் கட்டுவேன். சளி, கழலை ஒன்று வந்தால் லாயம் முழுக்கப் பரவும். அதற்கும் சில உரிமையாளர்கள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போகட்டும்.

இன்னொன்று. அவசரமென்றால் 1962-க்கு அடியுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ். பெரிய அறுவை சிகிச்சை அளவுக்குப் போனால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரர் எண்ணும் கையில் இருக்க வேண்டும். குதிரை படுத்த பிறகு வண்டி தேடக் கூடாது.

கோட்டையூர்க்காரன்:

பலகை யோசனைக்கு ரொம்ப நன்றி அண்ணே. உங்கள் இடம் எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை, பக்கமாக இருந்திருந்தால் நாளைக்கே ஓட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

தேவகோட்டை அம்மா, குட்டி நடக்க ஆரம்பித்தது கேட்டு நிம்மதி. பாப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

என் தரப்பில் ஒரு நல்ல செய்தி. வயிற்றுவலி விஷயம் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு, சிங்கப்பூர் பெரியப்பா மகன் தானாகவே போன் செய்து வண்டிக் கொட்டகையைப் பயன்படுத்திக்கொள் என்றார். சென்னைக்காரரும் சம்மதித்துவிட்டார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, திருவிழாவுக்கு வரும்போது கூட்டித் துடைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஓட்டுக் கூரை, உயரமான கதவு, காற்று நன்றாக வரும். ஆனால் தரை வழவழப்பான கல். ஈரமானால் வழுக்குகிறது. மணல் கொட்டலாமா, வேறு ஏதாவது போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாயம் நடத்துகிறவன்:

தம்பி, அங்கே தீனி வைக்கப் போகிறீர்களே, மணல் வேண்டாம். சிந்தின கொள்ளைப் பொறுக்கும்போது மணலும் சேர்ந்து உள்ளே போகும், அது குடலில் தங்கி மறுபடியும் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். கனமான ரப்பர் பாய் போட்டு, அதன் மேல் தூசி இல்லாத மரத்தூள் போடுங்கள். மூத்திரம் வடிய ஒரு பக்கம் லேசான சரிவு இருக்கிறதா என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தீனித் தொட்டி கீழேயே இருக்கட்டும், குதிரை குனிந்து தின்பதுதான் நல்லது. இந்துப்புக் கட்டி ஒன்று கயிற்றில் தொங்கவிடுங்கள்.

முக்கியமாக, தனியாகக் கட்டாதீர்கள். கூட்டத்தில் இருந்து பழகின பிராணி, தனியாக விட்டால் கொட்டடிக்குள்ளேயே நடந்து நடந்து இளைத்துப்போகும், கதவைக் கடிக்க ஆரம்பிக்கும். இன்னொரு குதிரைக்கு வழியில்லை என்றால் ஒரு வெள்ளாடு வாங்கிக் கட்டுங்கள். பக்கத்துச் சந்தையில் விசாரித்துப் பாருங்கள்.