[கலைச்சொல்] ‘பெட்டிங்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பெரம்பூர்:

அனைவருக்கும் வணக்கம். போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்களின் (தாழ்ப்பாள் போன்ற போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளி இயக்குபவை) குறி துல்லியமாக விழப் பட்டறையில் செய்யும் வேலைகளைப் பற்றிய கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை கோப்பு போயாக வேண்டும். குழல், கட்டை, விசை எல்லாம் ஓடிவிட்டன. போன மாதம் இங்கே முடிவான ‘உதைதாங்கி’யும் (சுடும்போது வரும் உதையைக் கட்டைக்குக் கடத்தும் இரும்புப் புடைப்பு, recoil lug) நன்றாகவே நிற்கிறது. மாட்டிக்கொண்டது ‘பெட்டிங்’கில்தான் (bedding). இரும்புப் பகுதி மரக்கட்டைக்குள் துளி ஆட்டமில்லாமல் உட்காருவதற்காக, இடையில் எபாக்ஸி வைத்து அதன் உருவத்துக்கே அச்சு எடுக்கிற வேலை அது.

ஒலிபெயர்த்தால் வருகிற வாக்கியம் இது: “அமெரிக்காவில் ஒரு ரைபிளுக்கு பெட்டிங் செலவு சுமார் 200 முதல் 300 டாலர்.” படித்துப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: “கிரிக்கெட் மேலயா?” படுகை என்று மாற்றிப் பார்த்தேன், காவிரி ஓடுகிறது. படுக்கை என்றால் தலையணை எங்கே என்பார்கள். வினையாக வளைய வேண்டும், கூட்டுச்சொல்லும் ஆக வேண்டும். உதவுங்கள்.

திருவொற்றியூர்:

அம்மா, குற்றம் உங்களுடையதன்று. நம் எழுத்தில் டகரம் இரட்டித்தால் வல்லோசைதான், அங்கே மெல்லிய ஒலிக்கு இடமேயில்லை. ‘எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே’ என்று, தமிழ் எழுத்தில் எழுதி ஏற்றுக்கொள்ளலாம் எனத் தொல்காப்பியர் வடசொல்லுக்கு வகுத்ததை ஆங்கிலத்துக்கு நீட்டினாலும், இங்கே புணர்ந்த பிறகு அது வேறு சொல்லாகிவிடுகிறது.

இந்த வேலை நமக்குப் புதிதா என்ன? கோயிலில் மூர்த்தியைப் பீடத்தில் அசையாமல் நிறுத்த அட்டபந்தனம் சாத்துகிறார்களே. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். எட்டையும் இடித்து இடித்துத் திரட்டி, சிலைக்கும் பீடத்துக்கும் நடுவே வைத்து அழுத்துவார்கள். இறுகிய பிறகு பீடமும் சிலையும் ஒன்று. எண்மருந்து என்றும் பெயருண்டு. எனவே ‘மருந்திடல்’ என்பது என் பரிந்துரை. கூடவே ஒன்று: துப்பாக்கி என்ற சொல்லையே துருக்கியிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள், ஆனால் ‘துப்பாய துப்பாக்கி’ என்று வள்ளுவரிடமே…

(நெறியாளர் குறிப்பு: ஐயா, அந்தக் குறளில் வருவது துப்பு ஆக்கி, உணவை உண்டாக்கி. மழையைப் பற்றியது. இந்த மன்றத்தில் நான்காம் முறை. துப்பாக்கி வேர்ச்சொல்லுக்குத் தனி இழை திறந்துகொள்ளலாம்.)

தண்டையார்பேட்டை:

உவமை அருமை ஐயா, ஆனால் துப்பாக்கி அருகே மருந்து என்ற சொல்லை வைக்கக் கூடாது. மருந்து என்றால் இந்தத் தொழிலில் வெடிமருந்து. “மருந்திட்ட ரைபிள்” என்று எழுதினால் படிப்பவர் ஓரடி பின்னால் போவார்.

சொல் தேடும் முன் வேலையைப் பார்த்துவிடுவோம், எந்த உறுப்பு எதைத் தொடுகிறது என்பதில்தான் சொல் இருக்கிறது. கட்டையின் உள்பள்ளத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் மரத்தைக் குடைந்தெடுப்பார்கள். திருகு இறங்கும் இரண்டு துளைகளிலும் அலுமினியக் குழாய் பதிப்பார்கள், இதுதான் ‘பில்லர்’. உதைதாங்கியின் முன்முகம், இரு பக்கம், அடி ஆகிய இடங்களில், அங்கே சற்று இடைவெளி விழும்படி, டேப் ஒட்டுவார்கள். பின்முகத்தில் மட்டும் ஒட்டக் கூடாது. சுடும்போது வரும் உதை முழுவதும் அந்தப் பின்முகத்தின் வழியாகத்தான் கட்டைக்குப் போகிறது. மற்ற பக்கங்களும் தொட்டுக்கொண்டிருந்தால் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் உராயும், மாட்டும்போது ஒரே இடத்தில் உட்காராது. பிறகு ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்து, இரும்பு முழுக்க மெழுகோ ஷூ பாலிஷோ இரண்டு பூச்சு. ஓரிடம் விட்டுப்போனாலும் இரும்பும் கட்டையும் ஜென்மத்துக்கும் பிரியாது. அப்படிச் சிக்கினால் ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்துத் தட்டிப் பார்ப்பார்கள், இரும்பு சற்றே சுருங்கி விடுபடும்.

எபாக்ஸி வைத்து இரும்பை இறக்கிய பிறகு திருகை முறுக்கவே கூடாது. அதுதான் பலரும் செய்கிற தப்பு. முறுக்கினால் இரும்பு வில்லாக வளைந்து, அந்த வளைவுக்கே அச்சு எடுத்துக்கொள்ளும். தலையில்லாத கம்பிகளை வழிகாட்டியாக வைத்து, தன் எடையிலேயே இறங்கவிட்டு, 24 மணி நேரம் தொடாமல் இருக்க வேண்டும். நம் ஊர்க்காரருக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 25 டிகிரியில் 40 நிமிடம் தாங்கும் கலவை சித்திரை வெயிலில் 35 டிகிரியில் அதில் பாதி நேரம்தான் தாங்கும்.

வியாசர்பாடி:

அண்ணன் சொன்னதிலேயே சொல் இருக்கிறது. “உட்காராது” என்கிறார். பட்டறையில் ஃபிட்டர் கேட்பதும் “உக்காந்துச்சா? படிஞ்சுச்சா?” என்றுதான். கதவு படியவில்லை, முடி படியவில்லை, விலை படியவில்லை என்கிறோம். ‘படிமானம்’ என்று வையுங்கள். வினைக்குப் ‘படியவை’. பில்லர் வைத்தால் தூண் படிமானம். முதல் வார்ப்பின் மேல் இரண்டாம் முறை மெல்லிசாகப் பூசி எடுப்பது மேல்பூச்சுப் படிமானம்.

சோதனைப் பகுதியிலும் சொல் பொருந்துகிறது. நுண் அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜைக் குழலில் கட்டி, முள் கட்டையின் முன்நுனியைத் தொடும்படி வைத்து, முன்திருகை மெதுவாகத் தளர்த்துகிறோம். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் இரும்பு இழுபட்டு உட்கார்ந்திருக்கிறது: “படிமானம் சரியில்லை.” அசையாமல் நின்றால்: “படிந்திருக்கிறது.” இதற்கு அடிக்குறிப்பு தேவையா?

எண்ணூர்:

-மானம் என்ற ஈறு எனக்கு உறுத்துகிறது. அவமானம், அனுமானம் போன்ற வடசொற்களின் வாலை ஏன் ஒட்டுகிறீர்கள்? ‘இழைவு’ என்று சொல்லலாமே. இரு பரப்பு ஒன்றோடொன்று இழைந்து சேர்வது.

வியாசர்பாடி:

கட்டுமானம், தேய்மானம், பிடிமானம், செரிமானம். இவற்றையும் விட்டுவிடப் போகிறீர்களா? அடிச்சொல் தமிழ்வினை, ஈறு வழக்கில் ஊறிப்போனது. ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’, காலத்தில் வழக்குக்கு வந்த சொல்லை விலக்க வேண்டியதில்லை என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார்.

தவிர, இழைப்பு நமக்கு லேப்பிங்குக்கு வேண்டும். வால்வை உட்கார வைக்க மெக்கானிக் பேஸ்ட் தடவி உருட்டுவது போலத்தான் போல்ட்டின் பூட்டுக்காதுகளையும் (மூடியதும் அதைப் பூட்டி நிறுத்தும் புடைப்புகள்) தேய்க்கிறார்கள். ஆலையிலிருந்து வரும்போது இரண்டு காதில் ஒன்று மட்டும் தாங்குவது சகஜம். தொடும் இடத்தைக் காட்டும் நீல மை பூசிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டும் சமமாகத் தாங்கும்வரை நுண்பொடியில் இழைக்க வேண்டும். ஆனால் இழைக்க இழைக்கத் தோட்டாவுக்குப் பின்னாலுள்ள இடைவெளி கூடும். அந்த இடைவெளி சரியா, அதிகமா என்று பார்க்கும் ‘கோ’, ‘நோ-கோ’ அளவிகளுக்கு நடுவே 0.1 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதைத் தாண்டினால் குழலைக் கழற்றி மறுபடி அமைக்க வேண்டும். ஒரே பக்கத்தில் இழைவும் இழைப்பும் வந்தால் படிப்பவர் எதைத் தேய்ப்பார்?

காசிமேடு:

இவ்வளவு தூரம் ஏன் போகணும்? போட்டுல இன்ஜினை உட்கார வைக்கிறதுக்கு ‘பெட்’டுனுதான் சொல்றோம். ‘பெட் போடுதல்’னு எழுதுங்க, துறைமுகத்துல எல்லாருக்கும் புரியும். ரைபிளுக்கு அவங்க வைக்கிற எபாக்ஸியில ஒண்ணு படகு ஓட்டையை அடைக்க வந்த சாமான்தான்.

பெரம்பூர்:

அண்ணே, “என்ன பெட்டு கட்டுற?” என்று கேட்பதும் அதே துறைமுகத்தில்தான்.

தண்டையார்பேட்டை:

எனக்குப் படிமானம் சரி. ஒரு எச்சரிக்கை: விலைப்பட்டியல் அத்தியாயத்தில் “விலை படிந்தது” என்ற தொடரை எங்கும் எழுதிவிடாதீர்கள். முறுக்குவிசை அட்டவணையிலும் வேறுபாட்டைக் காட்டுங்கள். தூண் படிமானத்துக்கு 65 அங்குல-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 7.3 நியூட்டன் மீட்டர். தூணில்லாத மரக்கட்டைக்கு 45-ஐத் தாண்டினால் மரம் நசுங்கி, ஐப்பசி மழையில் ஊறி, குறி விழும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் இந்த வேலையைத் தொழிலாகச் செய்ய 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதையும் முன்பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

பெரம்பூர்:

நன்றி. கணக்கு இது: படிமானம் 3 (என்னையும் சேர்த்து), இழைவு 1, மருந்திடல் 1, பெட் போடுதல் 1. படிமானம் என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் “பட்டறை வழக்கில் பெட்டிங்” என்று சேர்க்கிறேன், பந்தயம் அல்ல என்ற குறிப்போடு.

எண்ணூர்:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். -மானம் பற்றித் தனி இழை திறக்கிறேன்.

திருவொற்றியூர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் அந்த ஷூ பாலிஷ் பூசுகிற படிக்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? எண்ணெய்க்காப்பு என்று ஒரு…