விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறான்

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்
செவ்வாய்க்கிழமை

சித்தி (மதுரை), 8.41: சனிக்கிழமை வேன் எத்தனை மணிக்கு? இரண்டு தடவை கேட்டுவிட்டேன், ஒருவரும் பதில் போடவில்லை.

அக்கா (கோவை), 8.52: வேன் இருக்கட்டும் சித்தி, முதலில் எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். சின்னவன் மூன்று நாளாக விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறான். ஓய்வுநாள் பாடசாலையில் நரகத்து அக்கினிக்கடல் படம் காட்டினார்களாம். ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பி, “நான் செத்தால் அங்கேதான் போவேனா?” என்று கேட்கிறான். ஒன்பது வயசு.

பெரியப்பா (நாசரேத்), 8.55: பயப்படட்டுமே. “கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்.” நீதிமொழிகள் 1:7. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம் 🙏

தம்பி (ஷார்ஜா), 8.57: விளக்கு எரிந்தால்தான் தூங்குவேன் என்பது ஞானத்தின் ஆரம்பமா பெரியப்பா? எனக்கென்னவோ கரண்ட் பில்லின் ஆரம்பம் மாதிரி தெரிகிறது.

பெரியப்பா, 8.59: கேலி வேண்டாம். “ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்கே பயப்படுங்கள்.” மத்தேயு 10:28. இயேசுவே சொன்னது, நானாகச் சொல்லவில்லை.

அத்தை (பாளை), 9.04: அண்ணன், 28இலேயே ஏன் நிறுத்திவிட்டீர்கள்? அதை அடுத்து ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி விற்கிற பேச்சு வருகிறது. 31ஆம் வசனம்: “ஆதலால், பயப்படாதிருங்கள், அநேகம் அடைக்கலான் குருவிகளைப்பார்க்கிலும் நீங்கள் விசேஷித்தவர்கள்.” பயப்படுங்கள் என்று சொன்ன அதே வாய், மூன்று வசனம் தாண்டுவதற்குள் பயப்படாதிருங்கள் என்கிறது. பிள்ளைக்கு அக்கினியைக் காட்டினார்களே, குருவியை யார் காட்டுவது?

சித்தி, 9.05: வேன்???

தம்பி, 9.05: ஐந்தரைக்கு சித்தி.

தம்பி, 9.09: கேலி இல்லை, நிஜமாகவே எனக்கு ஒரு சந்தேகம். 1 யோவான் 4:18இல் “அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்” என்று இருக்கிறதே. பிறகு எதற்கு இந்தப் பயம்? பழைய ஏற்பாட்டோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாமா?

பெரியப்பா, 9.11: முடியாது. பிலிப்பியர் 2:12. “அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும்” இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படச் சொல்கிறார் பவுல். பவுல் எந்த ஏற்பாடு? புதியதுதானே.

மைனி (திருச்சி), 9.18: நான் நடுவில் வரலாமா மாமா? எங்கள் அம்மா வீடு லுத்தரன் சபை. திடப்படுத்தலுக்கு (சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற சடங்கு) முன்னால் ஞானோபதேசம் என்ற கேள்வி பதில் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் அதை 1529இல் எழுதினார். களவு செய்யாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே என்று பத்துக் கற்பனைகளில், அதாவது கட்டளைகளில், எதை எடுத்தாலும் விளக்கம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: நாம் தேவனுக்குப் பயந்து அவரை நேசிக்க வேண்டும். பயமும் நேசமும் ஒரே மூச்சில். அந்த மனுஷருக்குப் பயம் தெரியாதா என்ன? 1505இல் வழியில் இடி மின்னலில் மாட்டிக்கொண்டு, பிழைத்தால் துறவி ஆகிறேன் என்று பொருத்தனை பண்ணினவர்தானே.

மைனி, 9.21: எங்கள் சபைப் போதகர் ஐயர் இரண்டு பயம் உண்டு என்பார். அடிமைக்கு, எஜமான் அடிப்பாரோ என்று. பிள்ளைக்கு, அப்பா முகம் வாடிவிடுமோ என்று. யோவான் புறம்பே தள்ளச் சொல்வது முதலாவதை. அதே வசனத்தில் “பயமானது வேதனையுள்ளது” என்றும் இருக்கிறது, பாருங்கள்.

தம்பி, 9.22: எங்கள் அப்பாவிடம் இரண்டும் கலந்தே கிடைத்தது மைனி 😄

பெரியப்பா, 9.22: அவன் உன்னை அடித்தது போதாது.

அத்தை, 9.26: நம் பேச்சிலேயே இருக்கிறதே. “ஆச்சிக்குப் பயந்த பிள்ளை” என்றால் ஆச்சியைக் கண்டதும் ஓடுகிறவன் என்றா அர்த்தம்? ஆச்சி ஊரில் இல்லாத அன்றைக்கும் ஒழுங்காக இருக்கிறவன்.

தம்பி, 9.34: ஆச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. ஆறாம் வகுப்பு லீவில் கருப்பட்டிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கண் சரியாகத் தெரியாத ஒரு பாட்டி வந்து ஒரு கிலோ கேட்டார். நான் கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் போட்டு, கொட்டானோடு தராசில் வைத்துக் கொடுத்துவிட்டேன். ஆச்சி உள்ளே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். எப்படித்தான் கண்டுபிடித்தாரோ. எழுந்து வந்து பாட்டியை நிறுத்தி, கருப்பட்டியை மொத்தமாகத் தட்டில் கொட்டினார். கொட்டான் இல்லாமல், எதிர்த்தட்டில் எடைக்கல்லை மட்டும் வைத்து மறுபடி நிறுத்தார். கருப்பட்டித் தட்டு மேலேயே நின்றது. இன்னும் ஒன்று போட்டதும் முள் நேரானது. அதற்கு மேல் அரைக் கருப்பட்டி உடைத்துப் போட்டார். பாட்டிக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

தம்பி, 9.35: என்னைத் திட்டவில்லை. “அவளுக்குத் தெரியாது, சரி. கர்த்தருக்குப் பயப்பட வேண்டாமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வெற்றிலை இடிக்கப் போய்விட்டார்.

பெரியப்பா, 9.37: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா, 9.43: அம்மா சொன்னது அவளுடைய சொந்த வார்த்தை இல்லை. லேவியராகமம் 19:14. “செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாமலும், உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக.” செவிடனைத் திட்டினால் அவன் காதில் விழாது. குருடனுக்குக் கல்லை வைத்தவன் யார் என்று தெரியாது. கேட்க ஆள் இல்லாத அந்த இடத்தில்தான் தேவனுக்குப் பயப்படு என்கிறது வேதம். அம்மா இதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

அத்தை, 9.50: பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் என்பதால் எனக்குப் பிடித்தது சிப்பிராளும் பூவாளும். எபிரெய மருத்துவச்சிகள், யாத்திராகமம் முதல் அதிகாரம். ஆண்பிள்ளை பிறந்தால் கொன்றுபோடச் சொல்கிறான் எகிப்தின் ராஜா. அவர்கள் தேவனுக்குப் பயந்ததினால் பிள்ளைகளை உயிரோடே காப்பாற்றினார்கள். அந்தப் பயம் அவர்களை நடுங்க வைக்கவில்லை, ராஜாவுக்கு முன்னால் நிற்க வைத்தது. அந்த ராஜாவின் பெயரைக்கூட வேதம் சொல்லவில்லை. மருத்துவச்சிகள் பெயர் இரண்டும் இருக்கிறது.

மைனி, 9.51: இதை நான் யோசித்ததே இல்லை அத்தை.

அக்கா, 10.06: நீங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சின்னவனிடம் மெதுவாகக் கேட்டேன். விஷயம் வேறு. இரண்டு வாரமாகக் காணிக்கைக்குக் கொடுத்த பத்துப் பத்து ரூபாயை ஐஸ் வாங்கித் தின்றிருக்கிறான். அதற்குப் பிறகுதான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறான். “அப்பாவிடம் சொன்னால் அடிப்பார், இயேசப்பாவிடம் சொல்லவே வேண்டாம், அவருக்கே தெரியும்” என்று அழுகிறான்.

தம்பி, 10.07: அட பாவமே.

மைனி, 10.10: அவனுக்கு சங்கீதம் 130:4 சொல்லுங்கள். “உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு.” தண்டனை உண்டு, அதனால் பயம் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? இங்கே மன்னிப்பு உண்டு, அதனால் பயம். தண்டனை மட்டும் என்றால் இவனைப் போல ஒளிந்துகொள்ளத்தான் தோன்றும்.

பெரியப்பா, 10.11: போனை அவனிடம் கொடு.

அக்கா, 10.34: இருபது நிமிஷம் பேசினார்கள். பெரியப்பாவும் சின்ன வயசில் காணிக்கைக் காசுக்கு சவ்வு மிட்டாய் வாங்கித் தின்றாராம். ஆச்சி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய், முட்டிபோட வைத்து, கூடவே தானும் முட்டிபோட்டாராம். இதை எங்கள் யாரிடமும் சொன்னதில்லையே பெரியப்பா?

பெரியப்பா, 10.36: கேட்டால்தானே சொல்ல.

அக்கா, 10.37: வருகிற ஞாயிறு உண்டியலில் இருபதும் போட்டுவிடுவானாம். அவன் சேமிப்பு டப்பாவிலிருந்து. அறை விளக்கை அணைத்தாயிற்று. ஹால் விளக்கு எரியும், அதற்குக் கீழே இறங்கி வரமாட்டான்.

தம்பி, 10.38: எந்த ஐஸ்?

அக்கா, 10.38: சேமியா.

சித்தி, 10.40: ஐந்தரை காலையிலா, சாயங்காலமா?