லேப்டாப்பில் தண்ணீர் பட்டுவிட்டது, 8,500 ரூபாய் செலவு செய்யலாமா? அவசரம்

சென்னிமலை_போர்வை
லேப்டாப்பில் தண்ணீர் கொட்டிவிட்டது. ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, உடனே அணைந்துவிடுகிறது. ஈரோட்டில் ஒரு கடையில் காட்டினோம். மதர்போர்டு போய்விட்டது, 8,500 ரூபாய் ஆகும், சரியானாலும் எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். பழைய லேப்டாப்தான். செலவு செய்யலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா? 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. போட வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கோபி_வாய்க்கால்
என்ன கம்பெனி, என்ன மாடல், எந்த வருடம் வாங்கியது? எவ்வளவு தண்ணீர், கீபோர்டின் மேலா, ஓரத்திலா? கொட்டியபோது ஓடிக்கொண்டிருந்ததா? அதற்குப் பிறகு எத்தனை தடவை ஆன் செய்து பார்த்தீர்கள்? "பழைய லேப்டாப்" என்றால் மூன்று வருடமும் பழையதுதான், பதின்மூன்று வருடமும் பழையதுதான் அண்ணா.

பெருந்துறை_மாமா
அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்துவிடுங்கள். என் செல்போன் அப்படித்தான் பிழைத்தது. பச்சரிசியாக இருக்க வேண்டும், புழுங்கல் அரிசி ஈரத்தை இழுக்காது.

சாலிடர்_சாமி
அரிசி வைத்தியத்தைப் பற்றி நான் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் இங்கே ஒருவருக்கும் இல்லை. சிப்புக்கு அடியில் தங்கிய ஈரத்தை மூட்டையில் கிடக்கும் அரிசி எப்படி உறிஞ்சும்? தவிடும் மாவும் விசிறிக்குள் போனதுதான் மிச்சமாகும். ஈரம் தானாகவே காய்ந்துவிடும். காய்ந்தபின் தங்கிவிடும் உப்புதான் வில்லன். காற்றின் ஈரத்தை அந்த உப்பு வாங்கிக்கொள்ளும். மின்சாரம் ஓடும்போது செம்புத் தடங்கள் கரையும், பச்சையாகக் களிம்பு ஏறும். இன்றைக்கு ஓடுகிற லேப்டாப் அடுத்த மாதம் படுப்பது இதனால்தான். கேள்வி கேட்டவர் மாடலைக்கூடச் சொல்லவில்லை. நாம் பதில் சொல்கிறோம்!

பெருந்துறை_மாமா
செல்போன் பிழைத்தது உண்மைதான் தம்பி. நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை.

சென்னிமலை_போர்வை
அண்ணா அல்ல, அக்கா. திங்க்பேட் டி440. மகன் காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது. இப்போது கடையில் டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) போடுவதற்கு வைத்திருக்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கொட்டியது, அரை டம்ளர் இருக்கும், கீபோர்டின் மேல். பின்னால் இருக்கும் பேட்டரியை உடனே கழற்றி, கவிழ்த்து, துணியால் துடைத்து, மாடியில் வெயிலில் வைத்தோம். பிறகு பல தடவை ஆன் செய்து பார்த்தோம். இளநீர் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தது, இப்போது இல்லை.

கோபி_வாய்க்கால்
இளநீரா? தண்ணீர் என்று எழுதியிருந்தீர்களே அக்கா!

சென்னிமலை_போர்வை
இளநீரும் தண்ணீர்தானே. கண்ணெதிரே வெட்டிக் கொடுத்தது, சுத்தமானதுதான்.

சாயப்பட்டறை_கணக்கர்
உங்களுக்குச் சுத்தம், மதர்போர்டுக்கு விஷம். 100 மில்லி இளநீரில் பொட்டாசியம் மட்டும் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருக்கும். சோடியமும் சர்க்கரையும் தனி. வெயிலில் நாம் தேடிப்போய்க் குடிப்பதே அந்த உப்புக்காகத்தான். தண்ணீரில் உப்பு ஏற ஏற மின்சாரம் தாராளமாகப் பாயும் என்பதைத் திருப்பூரில் சாயம் போடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நாங்கள் மீட்டர் வைத்து அதைத்தான் தினமும் பார்க்கிறோம். இன்னொன்று: பிசுபிசுப்பு போய்விட்டது என்றால் துடைத்த இடத்தில் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

உடுமலை_ரேடியோ
அக்கா, முதலில் இதைப் படியுங்கள். டி440இல் பேட்டரி இரண்டு. பின்னால் கழற்றியது ஒன்று. இன்னொன்று கைவைக்கும் பகுதிக்கு அடியில், உள்ளே இருக்கிறது. அதன் கனெக்டரைப் பிடுங்காதவரை போர்டில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். வெயிலில் காய்ந்த நேரம் முழுவதும் களிம்பு வேலை நடந்திருக்கும். இனி ஆன் செய்யவே வேண்டாம். அடிமூடியின் ஸ்குரூக்களைக் கழற்றி, மூடியை மெதுவாக நெம்பி எடுத்து, அந்தக் கனெக்டரைப் பிரியுங்கள்.

அதற்கு முன் ஒரே ஒரு சோதனை. மேல்மூடியில் திங்க்பேட் என்ற பெயரில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறதல்லவா, சார்ஜரைச் செருகியதும் அது மூன்று தடவை மினுக்குகிறதா? மினுக்கினால் சார்ஜர் மின்சாரம் உள்ளே வருகிறது, போர்டு முழுதாகச் சாகவில்லை. மினுக்காவிட்டால் முதன்மைத் தடத்தில் ஷார்ட் இருக்கலாம்.

சென்னிமலை_போர்வை
மூன்று தடவை மினுக்குகிறது.

சாலிடர்_சாமி
அப்படியானால் "மதர்போர்டு போய்விட்டது" என்று சொன்ன கடைக்காரர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். திறந்து காட்டச் சொல்லுங்கள். களிம்பு எங்கே என்று விரல் வைத்துக் காட்டட்டும். காட்டாதவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். கீபோர்டைக் கழற்றி, போர்டை வெளியே எடுத்து, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத் பிரஷ் கொண்டு தேய்க்க வேண்டும். மருந்துக்கடை சானிடைசரை ஊற்றிவிடாதீர்கள், அதில் கிளிசரின் இருக்கும். இதையும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சாயப்பட்டறை_கணக்கர்
சாமி, ஒரு திருத்தம். அந்த ஆல்கஹாலில் உப்பும் சர்க்கரையும் சரியாகக் கரையாது. முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, பிறகு ஆல்கஹாலில் அலசினால்தான் உப்பு போகும், ஈரமும் சீக்கிரம் விலகும்.

சாலிடர்_சாமி
தண்ணீர் பட்டுக் கெட்ட போர்டைத் தண்ணீரில் கழுவச் சொல்கிறீர்கள். நல்லது.

சாயப்பட்டறை_கணக்கர்
மின்சாரம் இல்லாத போர்டை உப்பில்லாத தண்ணீர் ஒன்றும் செய்யாது. நன்றாக உலர்ந்த பிறகு பேட்டரியை மாட்டினால் போதும். ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசானிக் தொட்டி வைத்திருக்கிற கடைகளில் போய்ப் பாருங்கள், தொட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர் கலந்த திரவம்தான்.

உக்கடம்வாசி
டிஸ்டில்டு வாட்டரைக் காசு கொடுத்து வாங்குவானேன்? சிறுவாணித் தண்ணீரில் கழுவலாமே. உப்பு மிகக் குறைவு. உலகத்திலேயே சுவையில் இரண்டாவது தண்ணீர்.

சாலிடர்_சாமி
அந்த இரண்டாவது இடத்தை யார், எந்த ஆண்டில், எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று ஒருவர்கூட எனக்கு இதுவரை காட்டியதில்லை. அது இருக்கட்டும், உக்கடத்தில் உங்கள் குழாயில் வருவது சிறுவாணிதானா? கோவையில் பாதிப் பேர் பில்லூர் அணைத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிறுவாணி என்று பெருமை பேசுகிறார்கள்.

உக்கடம்வாசி
பில்லூர் என்றால் என்ன மட்டமா? அதுவும் பவானி ஆறுதான். ஈரோட்டுக்காரர்கள் போர்வெல் தண்ணீரில் டீ போட்டுப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பெருந்துறை_மாமா
போர்வெல்லைப் பற்றிப் பேச வேண்டாம் கண்ணு. எங்கள் வீட்டுக் குழாய் வாயில் மாதாமாதம் சுண்ணாம்பு சுரண்டுகிறோம்.

கோபி_வாய்க்கால்
தண்ணீர்ச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் கேள்வி 8,500 கொடுக்கலாமா என்பது. என் பதில்: கூடாது. கணக்கைப் பாருங்கள். டி440இல் இருப்பது இன்டெலின் நான்காம் தலைமுறை சிப். விண்டோஸ் 11 முறைப்படி அதில் ஏறாது. அதற்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தாலும் வீட்டுப் பயனாளிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரைதான். வங்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி. கடவுச்சொல்லும் இருக்கும் இயந்திரத்தில் இது சின்ன விஷயம் அல்ல. நன்றாக ஓடும் நிலையிலேயே பழைய சந்தையில் அதற்குப் பத்தாயிரம் கிடைக்காது. கழுவிப் பார்க்க ஆயிரம், கீபோர்டுக்கு ஆயிரத்தைந்நூறு, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

நொய்யல்_லினக்ஸ்
விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடுங்கள். டி440 இன்னும் பல வருடம் பறக்கும்.

கோபி_வாய்க்கால்
ஆன் ஆகாத லேப்டாப்பில் எதைப் போட்டு எதைப் பறக்க விடுவது? டேலி விண்டோஸ் கேட்கும் வேறு.

உடுமலை_ரேடியோ
செலவுக் கணக்கைவிட அவசரமானது அந்த டேலி கணக்கு. லேப்டாப் செத்தாலும் டிஸ்க் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். அடிமூடியைத் திறந்த கையோடு 2.5 அங்குல டிஸ்க்கை எடுத்துவிடுங்கள். டிஸ்க்கின் சாட்டா இணைப்பை யூ.எஸ்.பி.யாக்கும் கேபிள் சில நூறு ரூபாய்தான். வேறு கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் போலத் திறக்கும். செருகும் முன் டிஸ்க்கின் தங்க நிறப் பற்களை உற்றுப் பாருங்கள், வெள்ளைப் பொடி இருந்தால் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்த பிறகுதான் மின்சாரம். டேலியின் டேட்டா ஃபோல்டருக்குள் 10000 என்பது போல எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுதான் உங்கள் கம்பெனி. முழுதாக நகலெடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவி கேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜி.எஸ்.டி.யின் 3பி படிவம் போடுவதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் போதும். தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், வரி பாக்கி இருந்தால் வட்டி 18 சதவீதம்.

அவிநாசி_ஆடிட்டர்_உதவி
மாதாமாதம் போடுகிறவர்களுக்குத்தான் 20. காலாண்டுத் திட்டத்தில் இருந்தால் நமக்கு 22 வரை நேரம் உண்டு. அக்கா எந்தத் திட்டம் என்று சொல்லவே இல்லை.

கோபி_வாய்க்கால்
அக்கா, இருக்கிறீர்களா?

உக்கடம்வாசி
சிறுவாணி அணை கேரளத்தில் இருக்கிறது என்பதற்காகத் தண்ணீரின் சுவை மாறிவிடாது என்பதை மட்டும் பதிவு செய்து விடைபெறுகிறேன்.

சாலிடர்_சாமி
அணை எங்கே இருக்கிறது என்று யார் கேட்டார்கள்?

சென்னிமலை_போர்வை
டிஸ்க்கை எடுத்துவிட்டோம். கணக்கு முழுவதும் இருக்கிறது, தம்பி வீட்டுக் கம்ப்யூட்டரில் 3பி போட்டாயிற்று. கடைக்காரர் திறந்து காட்ட மறுத்துவிட்டார், லேப்டாப்பைத் திருப்பி வாங்கி வந்துவிட்டோம். மகன் வந்து கழுவிப் பார்ப்பதாகச் சொல்கிறான். கடைக்குப் பழைய டி480 ஒன்று 17,000 சொல்கிறார்கள், அதை வாங்குகிறோம். எல்லோருக்கும் நன்றி.

உடுமலை_ரேடியோ
டி480 எட்டாம் தலைமுறைதானா என்று பார்த்து வாங்குங்கள்; ஏழாம் தலைமுறை சிப் போட்டும் அந்த மாடல் வந்திருக்கிறது. உங்கள் பழைய ராம் (நினைவகம்) அதில் பொருந்தாது. பழைய சார்ஜரும் நுழையாது, அதற்கு டைப்-சி. சார்ஜரோடு சேர்த்துத்தான் 17,000 என்று பேசி வாங்குங்கள் அக்கா.