கிட்டார் சாம்பிளில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்: உதவி தேவை

பாம்பனில் வீட்டிலேயே என் எலக்ட்ரிக் கிட்டாரை நோட் நோட்டாகப் பதிவு செய்து (சாம்பிள்), கணினியில் வாசிக்கும் எஸ்எஃப்இசட் (SFZ) வாத்தியமாக்குகிறேன். தனி நோட் அருமை. பல நோட்டைச் சேர்த்துக் கார்டு (chord) பிடித்தால் அடியில் ஓர் உறுமல் அலையலையாக எழுகிறது. மூன்று ஃபிரெட்டுக்கு ஒரு சாம்பிள்தான்; மற்ற இரண்டும் அதையே சுருதி மாற்றி வருபவை. அரைச்சுரம் ஏற்றும்போது அதில் பதிந்த 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலும் 53 ஆகி, இரண்டும் மோதுகின்றன.

ஸ்ட்ராட் வகை கிட்டார், சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்). மூன்று வாரமாகப் போராட்டம். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினேன், கேபிள் மாற்றினேன், உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த ஜாக்கையும் மாற்றிவிட்டேன். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் இரைச்சல் போகிறது. ஆனால் கம்பி அடங்கும் கடைசி இரண்டு விநாடி தண்ணீருக்குள் கேட்பது போலாகிறது. எனக்கு அந்த இரண்டு விநாடிதான் முக்கியம்.

அப்புறம், கம்பியைத் தொட்டால் இரைச்சல் பாதியாகக் குறைகிறது. மறுபடி பதிவு செய்வதற்கு முன், பிக்கப் குழிக்குள் செப்புத் தகடு ஒட்டுவதா, வீட்டு எர்த்தைச் சரிபார்ப்பதா, எதை முதலில் செய்யட்டும்?